தீர்வைக்கு நெல், வயிற்றுக்கு வரகு

மந்தைவெளியில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்பது எனக்கு உத்தியோக ரீதியாகத் தெரியும். வீட்டுக் கடன் மனுக்களில் அந்த எண் வருகிறது. சரிபார்த்து, சுருக்கொப்பம் போட்டு, அடுத்த மேஜைக்குத் தள்ளுகிறேன். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. 24 கிரவுண்டு சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. கிரவுண்டுக்குப் பழைய பெயர் மனை. செங்கல்பட்டுச் சீமையில் வயலை அளந்த கணக்கின் மிச்சம் இன்று அடுக்குமாடி வீட்டுப் பத்திரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மந்தைவெளி என்ற பெயரும் அந்த மாதிரி மிச்சம்தான்: மாட்டு மந்தை மேய்ந்த வெளி. இப்போது அங்கே மந்தையாக நிற்பவை டெப்போவில் பஸ்கள்.

சென்ற மாதம் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது, பாரதி பராசக்தியிடம் கேட்ட காணி நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் காணியில் என்ன பயிர் என்று கேட்டேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தக் கவிதையில் மாளிகை இருக்கிறது, கிணறு இருக்கிறது, தென்னை மரங்கள், நிலா, குயில், பத்தினிப் பெண் எல்லாம் இருக்கின்றன. தானியம் இல்லை. இது கவிதையின் குறை என்று நான் சொல்ல வரவில்லை. கவிஞனுக்குத் தோப்பு போதும். ஆனால் கிராமத்தைப் பற்றி எழுதுகிற நம் எல்லோருக்குமே தோப்பு போதும் என்று ஆகிவிட்டது. மண்வாசனை என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு காணியோ இரண்டு காணியோ வைத்திருந்த குடும்பம் அதை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டது என்ற கேள்விக்கு நம்மில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. கொஞ்ச நாளாகக் கிடைத்ததைப் படித்துப் பார்த்தேன்.

முதலில் ஒரு தடை. சர்க்கார் ஆவணங்கள் மலைமலையாக இருக்கின்றன. எல்லாம் நிலம் சர்க்காருக்கு என்ன கொடுத்தது என்பதைப் பற்றியவை. நிலம் குடும்பத்துக்கு என்ன கொடுத்தது என்பது அவற்றில் இடுக்குகளில்தான் தென்படுகிறது. இலக்கிய விமர்சனத்தில் பழகியவனுக்கு இது புதிதல்ல, சொல்லப்பட்டதிலிருந்து சொல்லாமல் விட்டதை ஊகிக்கிற வேலைதான்.

செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏரிக்குக் கீழே நன்செய். ஏரித் தண்ணீர் ஏறாத மேட்டில் புன்செய். வீட்டுக்குப் பின்னால் கொல்லை. இவை போக யார் பெயரிலும் இல்லாத ஏரி உள்வாய், கரை, குளம், மேய்க்கால், புதர்க்காடு. இதைப் பிற்பாடு புறம்போக்கு என்று எழுதினார்கள். ஒரு குடும்பத்தின் ஜீவனம் இந்த நான்கிலும் பிரிந்து கிடந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது.

நன்செயில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்துக்கு ஒரு நெல். ஏரி நிரம்பினால் இரண்டு போகம், நிரம்பாவிட்டால் ஒன்று, அதுவும் சந்தேகம். நெல் வயலுக்குத் தழை மிதிக்க வேண்டும். ஆவாரை, கொளிஞ்சி, எருக்கு, புங்கம் எல்லாம் வயலில் விளைவதில்லை, புதர்க்காட்டிலிருந்து தலைச்சுமையாக வரவேண்டும். அறுவடைக்குப் பின் ஆட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கிடை போட வேண்டும். அந்த ஆடு வருஷத்தில் மிச்ச நாட்களெல்லாம் எங்கே மேய்ந்தது? வெளியில். ஒரு காணி நெல் வயலுக்குப் பின்னால் எத்தனையோ காணி வெறும் நிலம் நின்றுகொண்டிருந்தது. மந்தைவெளியை வெறும் நிலம் என்று எழுதியவர்களுக்கு இது தெரியாது. 1882ல் சென்னை வனச் சட்டம் வந்து காடுகளுக்கு எல்லை போட்ட பிறகு, தழைக்கும் மேய்ச்சலுக்கும் வந்த வழக்குகளைப் பார்த்துத்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டார்கள்.

புன்செய்தான் வயிறு. வரகு, கேழ்வரகு, கம்பு, சாமை. ஒற்றைப் பயிராக எதுவும் இல்லை. வரகோடு துவரை, கம்போடு தட்டைப்பயறு, ஓரத்தில் வரிசையாக ஆமணக்கு, நடுவில் நாலு செடி புளிச்சை. துவரையும் பயறும் குழம்புக்கு, ஆமணக்கு விளக்கெண்ணெய்க்கு, புளிச்சை நார் கயிற்றுக்கு, அதன் கீரை அன்றைக்கே சட்டிக்கு. ஒன்று பொய்த்தால் இன்னொன்று நிற்கும் என்கிற ஏற்பாடு இது. வரகு ஆறு மாதம் காக்க வைக்கும்; குத்திக் குத்தித் தோல் போக்குவதற்குள் பெண்களின் தோள் இற்றுப்போகும். ஆனால் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. பூச்சி அதைத் தொடாது. கோயில் கலசத்தில் வரகை நிரப்பினார்கள் என்று சொல்கிறோமே, அதே தானியம்தான் குடிசையில் குதிரின் அடியில் கிடந்தது. கேழ்வரகும் அப்படி. நெல்லைக் காசாக்க வேண்டிய குடும்பம் இவற்றை நம்பித்தான் நெல்லை விற்றது.

கொல்லையில் அவரை, பூசணி, கத்தரி, முருங்கை. மேட்டில் பனை. பனை ஒரு மரம்தான் என்றாலும் நுங்கு, கிழங்கு, ஓலை, மட்டை, கட்டை, கள் என்று ஆறு கணக்கு அதற்கு. (1886ல் ஆப்காரிச் சட்டம் கள்ளைக் குடும்பத்தின் கணக்கிலிருந்து எடுத்துச் சர்க்கார் கணக்கில் எழுதியது.) ஒரு பசுவோ எருமையோ இருந்தால் மோர் வீட்டுக்கு, நெய் விற்பனைக்கு, சாணி வறட்டிக்கு. வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டியவை உப்பு, கருவாடு, இரும்பு, துணி. இவற்றில் உப்பு 1805 முதல் கம்பெனியின் ஏகபோகம். அப்புறம் காசு கேட்ட இன்னொரு சாமான் தீர்வை.

தீர்வைக்கு வருவதற்கு முன் களத்தைப் பார்க்க வேண்டும். 1763ல் நவாபு முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767லிருந்து 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் அதை அளந்தார், ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். அந்தக் கணக்கில் களத்துக் குவியல் எப்படிப் பிரிந்தது என்பது ஊர்வாரியாக இருக்கிறது. சர்க்காருக்கும் குடிக்கும் பங்கு போடுவதற்கு முன்பே, மொத்தக் குவியலிலிருந்து கோயில், கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சன், கருமான், நாவிதன், வண்ணான் என்று மரக்காலும் படியுமாக அள்ளிக்கொண்டு போனார்கள். இதற்கு மேரை என்று பேர், சுதந்திரம் என்றும் பேர். ஆமாம், அதே சொல்தான். 1818ல் எல்லிஸ் மிராசு பாத்தியத்தைப் பற்றி எழுதியபோதும் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில்தான் எடுத்தாள்கிறார். செங்கல்பட்டில் சுதந்திரம் என்பது குவியலில் இத்தனை மரக்கால் என்று கையால் அளக்கக்கூடிய வஸ்துவாக இருந்திருக்கிறது. நம் அரசியல் கவிதைகளில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு துல்லியம் கிடையாது.

இந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். குவியலில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கைப் படித்துவிட்டு, உழுதவன் கைக்கு என்ன மிஞ்சியது என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் அவர்கள். மிராசுதாரனுக்குப் பங்கு உண்டு. உள்குடிக்குக் கொஞ்சம் உண்டு. பரகுடிக்கு இந்த வருஷம் உண்டு, அடுத்த வருஷம் தெரியாது. படியாளுக்குப் பெயரிலேயே கூலி இருக்கிறது.

கம்பெனி 1802ல் ஜாகீரை மிட்டாக்களாகத் துண்டு போட்டு ஏலம் விட்டது. வாங்கியவர்கள் பலர் திவாலானார்கள். 1820ல் மன்றோ கவர்னராக வந்தபின் ராஜதானியின் பெரும்பகுதிக்கு ரயத்துவாரி நிலைத்தது: சர்க்கார் ஒரு பக்கம், பட்டாதாரர் மறுபக்கம், நடுவில் யாரும் இல்லை. 1850களின் பிற்பகுதியில் தொடங்கிய சர்வேயும் செட்டில்மெண்டும்தான் நிலத்தை நாம் இன்று அறிகிற சர்வே எண்களாக மாற்றின. செட்டில்மெண்டு கணக்கின் சூத்திரத்தை ஒருவர் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். நன்செய்க்கு நெல் என்று வைத்துக்கொள். புன்செய்க்கு ஜில்லாவைப் பொறுத்துக் கேழ்வரகோ கம்போ சோளமோ ஏதாவது ஒரு மாதிரித் தானியம். ஏக்கருக்கு இத்தனை விளையும் என்று மண்ணின் தரப்படி எழுது. பருவம் பொய்ப்பதற்காகக் கொஞ்சம் தள்ளு. பஞ்சம் இல்லாத 20 வருஷத்துச் சராசரி விலையால் பெருக்கு. வண்டிச் சத்தத்துக்கும் வியாபாரி லாபத்துக்கும் கொஞ்சம் தள்ளு. சாகுபடிச் செலவைக் கழி. மிஞ்சியதில் பாதி சர்க்காருக்கு.

நான் ஒரு பி.ஏ. இங்கிலீஷ்காரன், எனக்கு இதைப் படித்தால் ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலின் ஞாபகம் வருகிறது. சராசரி மண், சராசரி மழை, சராசரி விலை, நடுவில் ஒரு சராசரி உழவன். அவன் விளைந்ததை எல்லாம் விற்கிறான். அவன் சாப்பிடுவதே இல்லை. ஓரத்து ஆமணக்கும் நடுவிலிருந்த தட்டைப்பயறும் கொல்லைப் பூசணியும் காட்டிலிருந்து வந்த தழையும் குத்திய பெண்ணின் தோளும் இந்த நாவலில் பாத்திரங்களாக வரவில்லை. தீர்வையைக் கூட்டிப் போட்டார்களா குறைத்துப் போட்டார்களா என்று நூறு வருஷமாக வாதம் நடக்கிறது. அந்தப் பாதி நியாயமான பாதியாகவே இருக்கட்டும். அது ஏறினாலும் இறங்கினாலும் ரூபாயாகத்தான் கேட்கப்பட்டது, குறிப்பிட்ட மாதத்தில் கேட்கப்பட்டது, ஏரி நிரம்பாத வருஷத்திலும், தள்ளுபடி உத்தரவு வரும்வரை, கேட்கப்பட்டது என்பதுதான் குடும்பத்தைத் தொட்ட விஷயம்.

கிஸ்தி மாதங்கள் அறுவடையை ஒட்டி வரும். எல்லோரும் ஒரே சமயத்தில் விற்றால் நெல் விலை விழும். விழுந்த விலையில் விற்றவர்கள் ஆடி ஆவணியில் ஏறிய விலையில் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வரகுக் கூழோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெல் விளைவித்த வீடுகளில் நெற்சோறு பொங்கலுக்கும் திவசத்துக்கும் பிரசவத்துக்கும் என்று ஆனது இப்படித்தான். நிலமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஏரிக்குக் கீழே இருந்தது சர்க்காருக்கும் சாகுகாருக்கும், மேட்டில் இருந்தது பிள்ளைகளுக்கு.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமக் கிளையில் இருந்தேன். பயிர்க்கடனுக்கு அடங்கல் நகல் வேண்டும். சர்வே எண், விஸ்தீரணம், பயிர் என்று கட்டங்கள். ஒரு பெரியவர் வந்தார். என்ன பயிர் போட்டிருக்கிறீர்கள் என்றேன்.

“நெல்லுன்னு எழுதிக்குங்க சார்.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“இருக்குது. அதுக்கெல்லாம் கடன் குடுப்பீங்களா?”

கொடுக்க மாட்டோம். ஏக்கர் நெல்லுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஜில்லாவுக்கு ஒரு நிர்ணயம் இருக்கிறது, வரப்பில் இருக்கிற துவரைக்கு இல்லை. நெல் என்றே எழுதினேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய செட்டில்மெண்டு ஆபீசரின் கையெழுத்து என் கையெழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. இந்த விவசாயக் கடன் சமாசாரத்துக்கே ஆரம்பம் இங்கேதான். பிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் சென்னை சர்க்காருக்கு இரண்டு பெரிய அறிக்கைகள் எழுதினார். உழவனின் கடனைத் தீர்க்க ஜெர்மனியில் ரைஃபைசன் செய்த மாதிரி ஊருக்கு ஊர் சங்கம் வை என்றார். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது. உழவன் ஏன் கடன் வாங்குகிறான் என்பதை நிக்கல்சன் அளவுக்குப் பொறுமையாகப் பார்த்த அதிகாரி குறைவு. அவரும் கடனைத்தான் பார்த்தார், குதிரைப் பார்க்கவில்லை.

இதுவரை குடும்பம், குடும்பம் என்று எழுதிவந்தேன். எந்தக் குடும்பம்? கொல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய குறிப்பில், அவர்கள் குடியிருந்த மனையே அவர்களுடையதல்ல என்கிறார். மிராசுதாரன் கோபித்துக்கொண்டால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசு பாத்தியம் குறுக்கே வரும். கொல்லையில் ஒரு முருங்கை நட்டு அதன் காயைப் பறிக்கும்வரை அந்த இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கை இல்லாத குடும்பத்துக்கு நான் மேலே விவரித்த நாலு வகை நிலத்தில் ஒன்றுகூட இல்லை. நன்செய் முழுவதும் அவர்கள் உழைப்பு, அவர்களுக்கு அதில் படிதான். அந்தக் குறிப்பை ஒட்டி 1892ல் பிறந்த உத்தரவின் விளைவுதான் பஞ்சமி நிலம். வேறு சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள், கைமாறியது. 1994ல் செங்கல்பட்டு ஜில்லா காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். நூற்றிரண்டு வருஷம் கழித்தும் அது உயிர் போகிற விஷயமாக இருந்தது. நம் பத்திரிகைகளில் அந்த வருஷம் என்ன விவாதித்துக்கொண்டிருந்தோம் என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

வரகு நம்பிக்கையும் ஒரு அளவுக்குத்தான். 1876ல் இரண்டு மழையும் பொய்த்தபோது ஏரியும் மேடும் சேர்ந்து போயின. குதிரில் இருந்தது தீர்ந்ததும் வாங்கக் காசு இல்லை. தானியம் ராஜதானியில் இல்லாமல் இல்லை, சென்னைக் கடற்கரையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ரயில் விலை இருக்கிற இடத்துக்குத் தானியத்தைக் கொண்டுபோயிற்று. விலை கொடுக்க முடியாதவர்கள் நடந்தே சென்னைக்கு வந்தார்கள். 1877ல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார்: நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். சானிடரி கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார். கொஞ்ச மாதத்தில் கூலி உயர்ந்தது, அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். அந்த நாட்களில் பஞ்சத்துக்கு வந்தவர்களை வைத்து வெட்டியதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற கால்வாய். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பெயரை அதற்கு வைத்தார்கள். அது மந்தைவெளி ஓரமாகத்தான் போகிறது. மேலே பறக்கும் ரயில் ஸ்டேஷன். தினமும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறேன்.

இதே காலத்தில் சைதாப்பேட்டையில் சர்க்காரின் மாதிரிப் பண்ணை ஒன்று இருந்தது, 1865ல் தொடங்கியது. உழவனுக்கு உழக் கற்றுக்கொடுப்பதற்காக. மணல் பூமியில் இரும்புக் கலப்பைகளை ஓட்டிக் காண்பித்தார்கள். உழவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லண்டனிலிருந்து வந்து தேசம் முழுக்கச் சுற்றிய வோல்க்கர் 1893ல் எழுதிய அறிக்கையில், தண்ணீரும் எருவும் கிடைக்கிற இடத்தில் இந்திய உழவனுக்கு நாம் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை என்ற தொனியில் முடிவுக்கு வந்தார். எரு எங்கே போனது என்பதையும் பார்த்தார்: விறகு இல்லாததால் வறட்டியாக அடுப்பில்.

பெரிய மாற்றம் பண்ணையிலிருந்து வரவில்லை, மார்சேலிலிருந்து வந்தது. தென்னாற்காடு மேட்டு நிலங்களில் வேர்க்கடலை. புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது, எண்ணெய்க்கும் சோப்புக்கும். 1890களில் நோய் விழுந்து கொஞ்சம் படுத்தது. வெளிநாட்டு விதை வந்ததும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து வருஷங்களில் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. எந்த நிலத்தில்? வரகும் கம்பும் இருந்த புன்செயில். செங்கல்பட்டுக் கடலோரத்து மணலில் சவுக்கு, சென்னையின் அடுப்புகளுக்கும் ரயில் இஞ்சினுக்கும். இதைச் சுரண்டல் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வேர்க்கடலையில் காசு பார்த்த குடும்பங்கள் கிணறு வெட்டின, கல் வீடு கட்டின, ஒரு பையனைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பின. அந்தப் பையன்களின் பேரன்கள் என் கவுண்டரில் வரிசையில் நிற்கிறார்கள். நானே அப்படி ஒரு பேரன். ஆனால் மேட்டு நிலமும் ரூபாய்க்குப் போன பிறகு வயிற்றுக்கு என்று தனியாக நிலம் இல்லை. பர்மாவிலிருந்து அரிசி வந்தது, சாப்பிட்டோம். 1930ல் விலைகள் விழுந்தன, தீர்வை விழவில்லை. 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போயிற்று, அரிசி நின்றது. திரும்பிப் பார்த்தால் குதிரில் வரகு இல்லை.

இந்த நடுக்காலத்தைப் பற்றி நமக்கு ஓரளவு தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர், விடுமுறைக்கு ஊர் போகிற மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து அனுப்பினார். சொந்த ஊரில் வீடு வீடாகப் போய் எத்தனை ஏக்கர், எத்தனை மாடு, என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு கடன் என்று கேட்டு வா. தூசி, இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் என்று அந்த ஊர்கள் 1918ல் புத்தகமாயின. பிற்பாடு பலர் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் எழுதியிருக்கிறார்கள். ஒரு காலேஜ் பையன் தன் சொந்தச் சித்தப்பாவிடம் போய் நீங்கள் எத்தனை வேளை கூழ் குடிக்கிறீர்கள் என்று நோட்டுப் புத்தகத்தோடு கேட்ட அந்தச் சங்கடமான நிமிஷத்தில் நம் யதார்த்த நாவல் தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942ல்தான் வந்தது. நிலத்தில் தன் பங்கைக் கேட்கிற ஒரு விதவையை நடுவில் வைத்த நாவல். பங்கு என்ற சொல்லுக்கு அதில் கனம் இருக்கிறது.

கூழ் இப்போது கௌரவமாகத் திரும்பி வந்துவிட்டது. மயிலாப்பூர் கடைகளில் வரகரிசி கண்ணாடித்தாள் பையில், பொன்னியைவிட விலை அதிகம். என் பாட்டி அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். அவள் கடைசிவரை கேழ்வரகைத் தொடவில்லை. பட்டணத்துக்கு வந்தபின் மூன்று வேளையும் அரிசிச் சோறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் களி சாப்பிடச் சொன்னபோது, “அதை விட்டு வர எனக்கு அறுபது வருஷம் ஆச்சு” என்று சொல்லி எழுந்துவிட்டாள்.